கோலம் படாத நாலடி

கையில் சுருட்டி வைத்திருப்பது வீட்டு பிளான்தானே? பார்த்ததும் தெரிந்துவிட்டது. உட்காருங்கள் தம்பி. அந்த ஓரம் வேண்டாம், பெஞ்சு ஆடும். இந்தப் பக்கம் வாருங்கள். கிளார்க் டீ குடிக்கப் போயிருக்கிறார். வருவார், வராமல் எங்கே போவார்.

ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்கக் கூடாது. செப்டிக் டேங்க் எந்தப் பக்கம் போட்டிருக்கிறார்கள்? பிரித்துப் பார்க்க வேண்டாம், வாயால் சொல்லுங்கள். தெரியாதா? பார்த்தீர்களா. பூஜையறை எங்கே என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பீர்கள். டிவி எந்தச் சுவரில் என்று கேட்டாலும் சொல்லியிருப்பீர்கள். இது மட்டும் ஒருத்தருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளவே அருவருப்பு.

எனக்குத் தெரியும். என் வீட்டுத் தொட்டியை நானே வரைந்து நானே பக்கத்தில் நின்று கட்டினேன். மூன்று அறை. நூல் மில்லில் முப்பத்தொரு வருஷம் ஃபிட்டராக இருந்தவன் நான். ஐடிஐ வாசலை மிதித்ததில்லை. பழைய புத்தகக் கடையில் வாங்கிப் படித்துக் கற்றுக்கொண்டது எல்லாம். ஓடுகிற மெஷினில் ஒரு ஸ்க்ரூடிரைவரை வைத்து மறுமுனையில் காதை வைத்தால், எந்த பேரிங் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லிவிடுவேன். சூப்பர்வைசர்களே வந்து கேட்பார்கள். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், சத்தத்திலும் வாசனையிலும் என்னை யாரும் ஏமாற்ற முடியாது. அதற்காகத்தான்.

நான் வந்திருப்பது ஒரு மனுவைத் திரும்ப வாங்க. பக்கத்து வீட்டு ஆரோக்கியம் மேல் கொடுத்த மனு. ஸ்கூல் வேன் ஓட்டுகிறான். அவன் வீட்டுச் சுவரும் என் வீட்டுச் சுவரும் ஒன்று. நாளைக் காலையில் இங்கிருந்து நகராட்சி ஆட்கள் அவன் வீட்டைப் பார்க்கப் போகிறார்கள். அதற்குள் வாங்கியாக வேண்டும். வாங்காவிட்டால் என் மகள் பிரசவத்துக்கு வர மாட்டாள். என்ன சம்பந்தம் என்றுதானே பார்க்கிறீர்கள்? சொல்கிறேன்.

என் மனைவி தனபாக்கியம் போய்ப் பதினாலு மாதம் ஆகிறது. நெஞ்சுவலி. இரண்டே நாள். மகள் யமுனாவைக் கரூரில் கொடுத்திருக்கிறது. கல்யாணமாகி நாலு வருஷம் கழித்துத் தலைப்பிள்ளை உண்டாகியிருக்கிறாள். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தானே? தாயில்லாத வீட்டில் யார் பார்ப்பது? நான் வெந்நீர் வைப்பேன், சோறு வடிப்பேன். பச்சைக் குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்ட எனக்குத் தெரியுமா? ஆரோக்கியம் பெண்சாதி பிலோமினாதான் சொன்னாள். பெரிய ஆஸ்பத்திரியில் பதினைந்து வருஷம் பிரசவ வார்டில் ஆயாவாக இருந்தவள். "யமுனா எங்க வீட்டுப் புள்ளண்ணே. மூணு மாசத்துக்கு நான் பாத்துக்கறேன், நீங்க ஒண்ணுக்கும் யோசிக்காதீங்க" என்றாள். இந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் கரூரில் சம்பந்தியம்மாள் சரி என்று தலையாட்டினார்கள்.

அப்படிச் சொன்னவர்கள் வீட்டின் மேல் நான் எதற்கு மனுக் கொடுத்தேன்? நாற்றம் தம்பி. சகிக்க முடியாத நாற்றம்.

முதலில் சத்தம்தான் வந்தது. கக்கூஸில் தண்ணீர் ஊற்றினால் சடாரென்று போக வேண்டுமா இல்லையா? போகாது. கிண்ணம் நிறைய ஏறி நிற்கும். நின்று யோசிக்கும். பிறகு மெதுவாக இறங்கும். இறங்கும்போது அடியில் யாரோ வாய் கொப்பளிக்கிற மாதிரி களக் களக் என்று ஒரு சத்தம். தனபாக்கியம் இருக்கும்போதே அது உண்டு. "ஏங்க, அது ஏதோ பேசுதுங்க" என்பாள். "பைப்புக்குள்ள காத்துடி" என்பேன். காற்றுத்தான். நான் சொன்னது தப்பில்லை. காற்று எதனால் என்பது வேறு விஷயம்.

அப்புறம் நாற்றம். சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்குச் சரியாக வந்துவிடும். அழுகிய முட்டை என்பார்கள். முட்டை தேவலை. இது தொண்டைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். ரசம் குடித்தால் ரசத்தில் அது. காபியில் அது. தலையணை உறையில் கூட. ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டு ஊதுபத்தி கொளுத்துவேன். பிறகு மல்லிகைப்பூவோடு சேர்ந்து நாறும், அது இன்னும் மோசம். மழை பெய்தால் போர்ட்டிகோ டைல்ஸ் இடுக்குகளில் கறுப்பாக ஒரு ஈரம் கசியும். ராத்திரி குழாய் வழியாகக் கரப்பான்பூச்சி வரும், சாதாரணப் பூச்சி இல்லை, பேரீச்சம்பழம் மாதிரி தின்று கொழுத்தது. செருப்பால் அடித்தால் வெள்ளையாகப் பிதுங்கும். சொல்லக் கூடாது, நீங்கள் சாப்பிட்டிருப்பீர்கள்.

ஆசிட் ஊற்றினேன். வாரம் இரண்டு பாட்டில். அப்புறம் ஃபினாயில். வீடு சுத்தமாக இருக்க வேண்டும் எனக்கு. மகள் வருகிற வீடு.

இந்த நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று ஃபிட்டர் மூளையோடு யோசித்தேன். சுவர் ஓரத்தில் ஆரோக்கியம் வீட்டு வாழை. ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்ற மாட்டான், ஆனால் யானைக் காது மாதிரி இலை. தார் போட்டால் ஆள் உயரம். எங்கிருந்து வருகிறது அந்தச் சத்து? அடுத்தது அவன் வீட்டு உறைகிணறு. சுவரிலிருந்து பத்தடி. வெகுநாளாக அந்தக் கிணற்றில் யாரும் வாளி விடவில்லை. தினம் வேனில் கேன் கேனாகத் தண்ணீர் கொண்டுவந்து இறக்குகிறான். ஏன் இறக்குகிறான்? கிணறு கெட்டுவிட்டது. ஏன் கெட்டது? அவன் தொட்டி உடைந்திருக்கிறது. இதைவிடச் சாட்சி என்ன வேண்டும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வந்து நின்றான். வெள்ளைச் சட்டை. சுவரோரம் நின்று கேட்டேன். "என்ன ஆரோக்கியம், தொட்டியத் தொறந்து பாத்து எத்தன வருஷமாச்சு?"

"போன வருஷம்தாண்ணே லாரி வந்துச்சு. நீங்ககூட மூக்கப் பொத்திக்கிட்டு உள்ள போனீங்களே" என்றான்.

"அப்ப இது என்ன நாத்தம்?"

அவன் காலரைத் தொட்டுக்கொண்டு தரையைப் பார்த்தான். குற்றம் உள்ளவன் அப்படித்தான் பார்ப்பான். மில்லில் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்! மறுநாளே இங்கே வந்து மனு எழுதினேன். இரண்டு பக்கம். வாழை, கிணறு, கேன், எல்லாம் வரிசையாக. இதே பெஞ்சில் உட்கார்ந்துதான். கிளார்க் படித்துவிட்டு, "நல்லா எழுதறீங்களே சார்" என்றார்.

நோட்டீஸ் போயிற்று. அன்று சாயங்காலத்திலிருந்து பிலோமினா பேச்சை நிறுத்திவிட்டாள். அதற்கு முன்னால் மீன் குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் சுவர் வழியாக வரும். அதுவும் நின்றது. நிற்கட்டும், அந்த நாற்றத்தில் மீன் எங்கே இறங்கும் என்று விட்டுவிட்டேன்.

போன வாரம் யமுனா வந்தாள். வளைகாப்பு முடிந்து, கை நிறைய வளையலோடு. எட்டாம் மாதம். கேட்டுக்குள் கால் வைத்ததுமே மூக்கில் முந்தானையை வைத்தாள். "என்னப்பா இது?" என்றாள். "எல்லாம் பக்கத்து வீட்டு வேலைம்மா, மனுக் குடுத்திருக்கேன்" என்றேன். இரண்டு நாள் வாந்தி. மூன்றாம் நாள் குளிக்கப் போனாள். நான் வெளியே அவளுக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருக்கிறேன். "அப்பா!" என்று ஒரு சத்தம். அந்த மாதிரிச் சத்தம் அவளிடம் கேட்டதில்லை.

பாத்ரூம் தரையில் தண்ணீர் போகிற ஜாலி இருக்குமே, அது வழியாகப் போகவில்லை, வருகிறது. கறுப்பாக. மேலே மஞ்சள் நுரை. அதில் என்னென்ன மிதந்தது என்று உங்களிடம் சொல்ல மாட்டேன். என் மகள் நைட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுவரோடு சுவராக நிற்கிறாள், பாதம் இரண்டும் அதற்குள். வழுக்கினால் என்ன ஆவது? வளையல் எல்லாம் கிலுகிலு என்று நடுங்குகிறது. கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்து காலைக் கழுவினேன். டெட்டால் போட்டு ஆறு தரம் கழுவினேன். கடைசியில், "அம்மா உங்ககிட்டச் சொல்லிக்கிட்டே இருந்தாங்களேப்பா" என்றாள். அவ்வளவுதான். மறுநாள் மாப்பிள்ளை கார் எடுத்து வந்து கூட்டிப் போய்விட்டார்.

சம்பந்தியம்மாள் போன் செய்தார்கள். மரியாதையான பேச்சுத்தான், ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் ஊசி. "வியாழக்கிழமைக்குள்ள ரெண்டு விஷயம் சொல்லுங்க சம்பந்தி. வீடு சுத்தமாயிருச்சா, பாத்துக்க ஒரு பொம்பள இருக்காங்களா. ரெண்டுல ஒண்ணு இல்லேன்னாலும் இங்கயே வச்சுக்கறோம்." அந்தம்மா பிள்ளை பெற்றதே தங்கக் கட்டிலில் என்கிற மாதிரி ஒரு பேச்சு. இன்றைக்குப் புதன்.

சரி, என் தொட்டியையும் ஒரு கண் பார்த்துவிடுவோம் என்று தொட்டி உறிஞ்சுகிற லாரிக்குச் சொன்னேன். சந்தேகப்பட்டு இல்லை. என் பக்கம் சுத்தம் என்று நிரூபிக்க வேண்டுமே!

லாரி வந்தது. இரண்டு பேர். பெரியவன் பெயர் மாயக்கண்ணன். தடித்த குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு, "மூடி எங்க சார்?" என்றான்.

இங்கேதான் தம்பி, நீங்கள் கவனிக்க வேண்டும். யமுனா கல்யாணத்துக்கு, மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்களே என்று போர்ட்டிகோ முழுக்க டைல்ஸ் போட்டேன். தொட்டி அதற்கு அடியில். வீட்டுக்குள் நுழைகிறவன் முதலில் பார்ப்பது கக்கூஸ் மூடியாகவா இருக்க வேண்டும்? அதனால் மூடிக்கு மேலேயே ஒட்டச் சொல்லிவிட்டேன். தனபாக்கியம் அன்றைக்கே சொன்னாள். "ஒரு அடையாளமாச்சும் வைங்க, நாளைக்கு வேணும்." "எல்லாம் என் தலைக்குள்ள இருக்குடி" என்றேன்.

தலைக்குள் இல்லை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் வரைந்த தாள், மில்லை விட்டு வந்தபோது எந்தப் பையில் போயிற்றோ. மூன்று இடத்தில் உடைத்தோம். மண், மண், ஒரு தண்ணீர்க் குழாய். குழாய் பீய்ச்சி அடித்தது. அந்தச் சின்னவன் சிரிக்கிறான். "சார், இது தொட்டியா, பொதையலா?" என்கிறான். "அப்ப பாத்ரூம் குழாய் போற வழியாத் தோண்டி யாரையாச்சும் எறங்கிப் பாக்கச் சொல்லு" என்றேன். மாயக்கண்ணன் முகம் மாறிவிட்டது. "ஆளெல்லாம் எறக்க மாட்டோம் சார். சட்டப்படி தப்பு. உள்ள போனவன் வெளிய வர மாட்டான். நீங்க வேணா எறங்குங்க" என்றான். என்னிடம்! ஃபிட்டரிடம்!

குடிக்கத் தண்ணீர் கேட்டான். பழைய பாட்டில் ஒன்றில் பிடித்துக் கொடுத்தேன். டம்ளரில் கொடுத்தால் அப்புறம் அந்த டம்ளரை என்ன செய்வது, நீங்களே சொல்லுங்கள். அவன் பாட்டிலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "என் மேல பட்டிருக்கறது போன வீட்டுது சார். இங்க இனிமேதான் படணும், அது உங்களுது" என்றான். வாய் அதிகம் அவனுக்கு.

உடைத்த மண்ணைக் கழுவிவிடலாம் என்று ஒரு வாளி தண்ணீரை வீசி ஊற்றினேன். போர்ட்டிகோ நனைந்தது. நனைந்ததும்தான் பார்த்தேன். இடது பக்கம் டைல்ஸ் இடுக்கெல்லாம் வெள்ளையாக இருக்கிறது. கோலமாவு. தினம் போட்டுப் போட்டு இடுக்கில் ஏறி இறுகிப்போனது. அவள் போய்ப் பதினாலு மாதம் ஆகியும் போகவில்லை. வாசல்படிக்கு நேராக, நடுவில், ஒரு நாலடிக்கு மட்டும் இடுக்கு கறுப்பு. ஒரு பொட்டு மாவு பட்டதில்லை.

எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. கோலத்தைப் படிக்கு நேராகப் போட மாட்டாள். இரண்டடி தள்ளித்தான் போடுவாள். தினம் பார்ப்பேன், தினம் சொல்லுவேன். "கண்ணுல கோணலா உனக்கு? நேராப் போட்டா என்ன?" என்பேன். "அது கோலம் போடற எடம் இல்லீங்க" என்பாள். ஏதோ வாஸ்து பார்க்கிறாள் என்று விட்டுவிட்டேன். மகாலட்சுமி கால் வைக்கிற கோலத்தைக் கக்கூஸ் மூடி மேல் போடுவாளா? யமுனா கல்யாணத்துக்கு மறுநாளிலிருந்து சாகிற வரைக்கும், எனக்கு அடையாளம் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். போடாமல் போட்டிருக்கிறாள்.

"இங்க ஒடைங்க" என்றேன். ஒரே அடி. டங் என்றது. மூடி.

திறந்தார்கள். தம்பி, நான் மில் காண்டீன் சாக்கடையில் கை விட்டவன். நானே துண்டை மூக்கில் கட்டிக்கொண்டேன். மேலே ஒரு ஜாண் கனத்துக்குக் காய்ந்து ஏடு கட்டியிருக்கிறது, தோசைக்கல்லில் விட்ட அடை மாதிரி. இனிமேல் நான் அடை சாப்பிடப் போவதில்லை. கம்பியால் குத்தினால் அடியில் கறுப்புக் கூழ். அது பெருமூச்சு விடுகிற மாதிரி ஒரு காற்றை விட்டது. தெருவில் போன நாய் திரும்பி ஓடியது. "ஆசிட் ஊத்துனீங்களா சார்?" என்றான் மாயக்கண்ணன். ஆமாம் என்றேன். "உள்ள கெடக்கறதத் தின்னு கரைக்கற பூச்சியவே கொன்னுபுட்டீங்க. அப்புறம் எப்படிக் கரையும்? பதினோரு வருசச் சரக்கு அப்படியே உக்காந்திருக்கு" என்றான். டார்ச் அடித்துக் காட்டினான். ஆரோக்கியம் வீட்டுப் பக்கத்துச் சுவரில், மேலிருந்து அடி வரை, கை நுழைகிற வெடிப்பு. அந்தப் பக்கம் வாழை வேர் உள்ளே வந்து தாடி மாதிரி தொங்குகிறது.

திரும்பிப் பார்த்தால் சுவருக்கு அந்தப் பக்கம் ஆரோக்கியம் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். காக்கிச் சட்டையோடு. எத்தனை நேரமாக நின்றானோ. "ஒனக்கு எப்ப தெரியும்?" என்றேன்.

"அக்கா இருக்கும்போதே தெரியும்ணே. எங்க கெணத்துல நாத்தம் வந்தப்ப அக்காதான் வந்து பாத்தாங்க. 'எங்க வீட்டுதுதான் தம்பி. அவருகிட்ட பக்குவமா நானே சொல்றேன், நீங்க சண்டைக்கு வந்துராதீங்க'ன்னாங்க. அடுத்த வாரமே அவங்க… அப்புறம் எழவு வீட்டுல வந்து கக்கூஸ் பேச்சுப் பேசச் சொல்றீங்களா?"

பதினாலு மாதம்! கேனில் தண்ணீர் சுமந்துகொண்டு, என் பீயை அவன் கிணற்றில் வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை சொல்லவில்லை. தெரிந்தும் சொல்லாமல் இருந்திருக்கிறான். இதுவும் ஒரு தப்புத்தானே தம்பி? சொல்லியிருந்தால் நான் மனுக் கொடுத்திருப்பேனா? நீங்கள் ஏன் சிரிக்கிறீர்கள்?

தொட்டியைக் காலி செய்தாயிற்று. வெடிப்பைக் கொத்திப் பூசியாயிற்று. அவன் கிணற்றை இறைத்துக் கொடுக்க ஆள் சொல்லியிருக்கிறேன். இன்று காலையில் பிலோமினாவிடம் போய் நின்றேன். வாசலில்தான் நிற்க வைத்தாள். "யமுனாவுக்காக வர்றேண்ணே. எனக்கு ஒண்ணும் வேணாம். ஆனா நோட்டீஸு கொண்டுவந்த ஆளு தெருவுக்கே கேக்கற மாதிரிப் படிச்சான், எங்க வீட்டுத் தொட்டி நாறுதுன்னு. வேன்ல புள்ளைங்கள ஏத்தற அம்மாமாரெல்லாம் கேக்கறாங்க. எங்க மேல தப்பு இல்லன்னு அதே ஆபீஸ்ல எழுதிக் குடுத்துட்டு வாங்க. அந்தத் தாள நான் கண்ணால பாக்கணும்" என்றாள்.

அதற்குத்தான் வந்தேன். காலை பத்து மணிக்கு வந்தேன். கிளார்க் இந்தத் தாளைக் கொடுத்தார். பாருங்கள், 'மனுவைத் திரும்பப் பெறுவதற்கான காரணம்' என்று இரண்டு கோடு. எழுதி எழுதிக் கிழித்து, இது நாலாவது தாள். 'இரு தரப்பும் சமாதானமாகிவிட்டதால்' என்று முதலில் எழுதினேன். கிளார்க் சொல்கிறார், அப்படி எழுதினால் முதலில் சொன்ன புகார் உண்மை என்று பைலில் நிற்குமாம். அப்புறம் 'தவறான தகவலின் அடிப்படையில்' என்று எழுதினேன். யார் கொடுத்த தகவல் என்று கேட்கிறார். மூன்றாவதில் 'எதிர்மனுதாரரும் உரிய நேரத்தில் தெரிவிக்காத காரணத்தால்' என்று எழுதினேன். நன்றாகத்தான் இருந்தது அது. பிலோமினா பார்த்தால் கிழித்து என் முகத்தில் போடுவாள்.

உண்மையை எழுதினால் நாளைக்கு இந்த ஆட்கள் என் வீட்டுக்கு வருவார்கள். பதினோரு வருஷம் தொட்டியைத் திறக்காததற்கு அபராதம் போடுவார்கள். தெருவில் நின்று படிப்பார்கள். படிக்கட்டும். போர்ட்டிகோவில் ஒரு மூடி தெரியத்தான் போகிறது இனிமேல்.

அதோ, கிளார்க் வருகிறார். வாயைத் துடைத்துக்கொண்டு. என் பேனா மை தீர்ந்துவிட்டது, உங்களுடையதைக் கொடுங்கள். நீங்கள் பார்க்க வேண்டாம், அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள். இல்லை, பாருங்கள். எழுத்து சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.

'நாறியது என் வீடு.'

போதும் இல்லையா? இன்னொரு கோடு காலியாகக் கிடக்கிறது. கிடக்கட்டும், அதில் ஒன்றும் போட வேண்டாம்.